புகை நன்றாகத் தெரியும் இடம்

மணலில் புதைந்த வண்டியை வெளியே எடுப்பது பெரிய வித்தை இல்லை. சக்கரத்துக் காற்றைப் பாதி இறக்க வேண்டும், முன்னால் இருக்கும் மணலைக் கையால் ஒதுக்க வேண்டும், இரும்பு வடத்தை மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்கள்தான் அச்சு வரை புதைத்துக்கொள்வார்கள். மெஸ்கல் வெல்ஸ் ஊரில் இழுவை வண்டி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். அரிசோனாவின் இந்த மூலைக்கு வந்து வறண்ட ஓடை மணலில் இறங்குகிற எல்லோரும் கடைசியில் ஒடீலியா பர்ரியோஸுக்குத்தான் ஃபோன் செய்வார்கள். நீங்களும் உங்கள் ரோந்து வண்டிக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், டெபுட்டி. அன்றைக்கு நான் சீக்கிரம் வந்தேன் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஒன்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தீயை நான் வைக்கவில்லை. மின்னல் வைத்தது.

ஜூன் மாதத்தில் இங்கே மழையில்லாத இடி வரும். குளிர்கால மழையில் முளைத்த புல் அதற்குள் காகிதமாகக் காய்ந்திருக்கும். எங்காவது மின்னல் இறங்கும், புகை எழும். எங்களுக்கு அது கண்ணெரிச்சல். வெளியூர்ப் புகைப்படக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். சூரியன் செம்பு நிறமாகும், புகை மலைக்கு மேல் இன்னொரு மலையாக நிற்கும், முன்னால் சகுவாரோ கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்.

கார்ல்டன் வீஸ் அவர்களில் ஒருவர். சிகாகோக்காரர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. லூப்பேயின் உணவுக்கடையில் தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஊற்றுவார்.

என் தம்பி சிப்ரியானோ பலோமா ஓடை சமவெளியில் வந்து சேரும் இடத்தில் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவன், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டான். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த தீயில் இறந்துபோனான். டிரெய்லருக்குள் இல்லை, வெளியே பாதையில் கிடந்தான். அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான். என் ஃபோனில் அவன் கூப்பிட்டது பதிவாகியிருந்தது. நான் நெடுஞ்சாலையில் ஒருவருடைய படகு ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிறவன். பீர் வாங்கி வா என்பான், ரேடியோவுக்கு பேட்டரி என்பான். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அந்த வருடக் கடைசியில் கார்ல்டன் தன்னுடைய படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு லூப்பேயின் கடைக்கு அனுப்பினார். பலோமா ஓடைக்கு மேலே புகை. லூப்பே அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டினாள்.

"ஒடீலியா, இங்க வாடி. நம்ம ஊரு புகைக்கும் ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சு பாரு."

"உன் அடுப்பப் படம் புடிச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்," என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

என்னுடைய இடம் அந்தப் படத்துக்கு நேர் எதிரே. தினமும் முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன். இடது பக்கக் கீழ் மூலையில், புகைக்கு அடியில், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது. முதலில் அது வெறும் புள்ளி. அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்குள் அது ஒரு சட்டை என்று தெரிந்தது. பிறகு பக்கத்தில் ஊன்றுகோல் தெரிந்தது. மார்ச் மாதத்தில் அது கையை ஆட்டத் தொடங்கியிருந்தது. மேலே ஒருவர் கேமராவோடு நிற்கிறார், கீழே என் தம்பி அவரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான், அவர் புகை நல்ல வடிவத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார். இதைப் பார்த்துக்கொண்டு தினமும் ஒருத்தி சாப்பிட வேண்டும்.

இந்த ஜூனில் அவர் திரும்ப வந்தார். நான் நேராகவே கேட்டேன்.

"சார், இந்தப் படம் எடுக்கறப்ப அங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"மத்தியானம் பூரா நின்னேன். புகைய அவசரப்படுத்த முடியாது பாருங்க. அது பாட்டுக்கு ஒரு வடிவத்துக்கு வரும்."

"கீழ யாராவது இருந்தாங்களா?"

"இல்லியே. ஏன் கேக்கறீங்க?"

"இந்த வெள்ளை என்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தார். "பிளாஸ்டிக் பையா இருக்கும், முள்ளுல மாட்டியிருக்கும். நெசமாச் சொல்றேன் மேடம், நீங்க விரல் வச்சுக் காட்டற வரைக்கும் நான் இதப் பாத்ததே இல்ல."

லூப்பே அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. ஆனா அது வேற தீ. இந்தப் படம் அதுக்கும் முந்தின வருஷம் எடுத்தது. உங்க தம்பி போனப்ப நான் இந்தப் பக்கமே வரல."

"பரவால்ல சார்," என்றேன்.

அவர் வீட்டிலிருந்து வந்த மூலப் படத்திலும் முந்தின வருடத் தேதிதான் இருக்கிறது என்று நேற்று நீங்கள் காட்டினீர்கள். கேமராவில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். என் வண்டியில் இருக்கும் கடிகாரம் ஒரு நாளும் சரியான நேரம் காட்டியதில்லை.

அதே வாரத்தில் மின்னல் இறங்கியது. ஓடைக்குக் கீழே இருக்கும் சமவெளி முழுவதும் பற்றிக்கொண்டது. காலையில் கார்ல்டன் கடைக்கு ஓடிவந்தார், சின்னப் பையன் போல முகமெல்லாம் சந்தோஷம்.

"எங்க போய் நின்னா நல்லாத் தெரியும் மேடம்?"

"பலோமா ஓடைக்குள்ள மேல ஏறிப் போங்க சார். ரெண்டு பக்கமும் கள்ளி நிக்கும், நடுவுல மொத்தப் புகையும் தெரியும்."

"வண்டி மணல்ல சிக்காதே?"

"இப்பத்தான் நெரவிவிட்டாங்க. கல்லு மாதிரி இருக்கு. அப்படியே சிக்கினாலும் நான் எதுக்கு இருக்கேன்?"

"நம்பாதீங்க சார்," என்றாள் லூப்பே, காபி ஊற்றிக்கொண்டே. "அவ தன் பொழப்பப் பாக்கறா." அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த ஓடையை யாரும் நிரவவில்லை. காலையில் காற்று ஓடையிலிருந்து சமவெளிக்கு இறங்கும், புகை விலகிப் போகும். வெயில் ஏறினால் அதே காற்று திரும்பி ஓடைக்குள் ஏறும். இங்கே பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சிகாகோவில் பிறந்தவர்.

உச்சிவெயிலில் ஃபோன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"நீங்க சொன்ன கல்லு கொஞ்சம் மெத்துனு இருக்கு மேடம்," என்றார். அப்போதும் சிரிப்புத்தான். "அச்சு வரைக்கும் எறங்கிடுச்சு."

"கெளம்பிட்டேன் சார்."

உண்மையில் நான் ஓடையின் மேல்முகட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். இரும்பு வடமும் மண்வெட்டியும் எப்போதும்போல் பின்னால் இருந்தன. தீயணைப்புக்காரர்கள் பேசுவது என் ரேடியோவில் கேட்கும். அதை அணைத்து வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். "காத்து மாறின மாதிரி இருக்குங்க. அவசர நம்பருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"நான் ரேடியோவுல சொல்லிட்டேன் சார். எல்லாருக்கும் தெரியும்."

"பக்கத்துல ஒரு கருப்புப் பாறை மேடு இருக்கு. புல்லு பூண்டு எதுவும் இல்ல. அதுல ஏறி நின்னுக்கட்டுமா?"

"வேண்டாம் சார். இந்த வெயில்ல அந்தப் பாறையில நின்னா சுருண்டு விழுந்துடுவீங்க, நான் எங்கன்னு தேடறது? வண்டிய விட்டு எறங்காதீங்க. கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசி போட்டுக்குங்க."

"சரிங்க. உங்களுக்குத் தெரியாததா."

அது தவறான யோசனை இல்லை. பாலைவனத்தில் வண்டி நின்றுபோனால் வண்டியோடு இருக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்தக் கருப்பு மேட்டை இதுவரை எந்தத் தீயும் தொட்டதில்லை என்பதும் உண்மைதான். சிப்ரியானோ சின்ன வயதில் அதன்மேல்தான் விளையாடுவான். அவனால் கடைசி நாளில் அங்கே நடந்து போக முடியவில்லை. இவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிப்ரியானோ எப்படிக் காத்திருந்தானோ அப்படி இன்னொருவரும் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். யாரோ வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் இதற்குப் பழி என்று பெயர் வைப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்றைக்கு முகட்டில் நின்றபோது எனக்கு இரண்டு வருடங்களில் முதல்முறையாகப் பசித்தது.

நின்றுகொண்டிருந்த நேரத்தில் என் ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். அதையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். நல்ல படம். சூரியன் செம்பாக இருக்கிறது, புகை ஓடை முழுக்க நிறைந்து ஏறுகிறது, இரண்டு பக்கமும் கள்ளிகள். அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார். படத்தில் அவர் வண்டியும் இருக்கிறது. நேற்று முழுவதும் நீங்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் விரல் வைத்துக் காட்டும் வரை உங்கள் கண்ணில் படவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. தேடுகிறவளுக்குத்தான் அது தெரியும்.

கடைசியாக அவர் கூப்பிட்டபோது குரல் இருமலில் உடைந்திருந்தது.

"புகை வண்டிக்குள்ள வந்துடுச்சுங்க. ஒண்ணும் தெரியல. பக்கத்துல வந்துட்டீங்களா?"

"பக்கத்துலதான் சார் இருக்கேன்," என்றேன்.

நான் அவரிடம் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள், டெபுட்டி. கையெழுத்துப் போடுகிறேன், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். நடந்து இறங்கியிருந்தால்கூட அவரிடம் போய்ச் சேர்ந்திருப்பேன்.