புளிப்பு மாத்திரை

தல்லாகுளத்தில் ஏறிய இருவர் பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“மாப்ள, நான் வாங்கிக் குடுத்த வைட்டமின் மாத்திரைய இனிமே தொடாத,” என்றார் மூத்தவர்.

“ஏண்ணே?”

“கால்வலி கொறையும்னுதான் வாங்குனேன். அம்புட்டு மாத்திரை போட்டா, ஓடிப் பழகுறது ஒடம்புல ஒட்டாமப் போகலாம்னு கோச் சொல்றாரு. அடுத்த வாரம் போலீஸ் செலக்‌ஷன். ஒன்னயக் கெடுத்துட்டேனோன்னு எனக்குச் சோறு எறங்கல.”

“நான் ஒண்ணுகூடப் போடலண்ணே.”

“டப்பா காலியாக் கெடந்துச்சே?”

“என் பொண்டாட்டிதான் தெனம் ஒண்ணு சப்பித் தின்னா. வாய்க்குப் புளிப்பாக் கேக்குதாம்.”

மூத்தவர் பெருமூச்சு விட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் சட்டென்று நிமிர்ந்தார்.

“எத்தன மாசம்டா?”