அட்டைக்குப் பின்னாடி

— முதல்ல அந்த அட்டைய எடு.

— எந்த அட்டை அண்ணி?

— பகடைய மறைச்சு நிக்க வச்சிருக்கியே, அதான். உங்க அண்ணனும் கூட ஆடுற மத்தவங்களும் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த ஆட்டத்துல உன் பூதம், நான் ஆடுற திருடிய நாலு தடவ வெட்டுச்சு. நாலுமா தவறிப் போச்சு?

— இருபது முகப் பகடைல பத்துக்கு மேல விழுந்தாதானே அடி. விழல.

— விழலன்னு நீ சொல்ற. யாரு பாத்தா?

— இந்த ஆட்டத்துக்குன்னு கூடுற கன்வென்ஷன்ல, கதை நடத்துறவங்க நிறைய பேரு இப்படி மறைச்சு வச்சுத்தான் உருட்டுறாங்க. நானும் மாத்திக்கிட்டேன்.

— நீயா? மூணு வருஷமா இதே சாப்பாட்டு மேசைல ஒரே பாட்டு பாடினவ நீ. எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டணும், விழுந்தது விழுந்ததுதான்னு. போன மாசம் சொந்த அண்ணன்னுகூட பாக்காம அவரோட வில்லாளியக் கொன்ன. மனுஷன் ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு.

— அது வேற.

— என்ன வேற? எனக்கு மட்டும் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு இந்த இரக்கம்?

— கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காதீங்க அண்ணி.

— போன வாரம் என் கட்டியில ஊசி விட்டு டெஸ்டுக்கு எடுத்தாங்களே, அது உங்க லேபுக்குத்தான வந்துச்சு.

— என் பிரிவு ரத்தம் மட்டும்தான். கட்டியெல்லாம் மேல் மாடி.

— மாடிப்படி ஏற எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?

— ரிப்போர்ட் நாளைக்கு, திங்கக்கிழமைதான். டாக்டர் சொல்லுவாங்க.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பாத்தியா, பாக்கலையா?

— பாக்கல.

— சரி. அப்போ அட்டைய மடிச்சு வை. கடைசி வெட்ட என் கண்ணு முன்னாடி திரும்ப உருட்டு.

— ஒரு அடி பட்டாலே உங்க திருடி போயிடுவா அண்ணி.

— தெரியும். மூணு வருஷமா பொத்திப் பொத்தி வளத்தவ. பரவாயில்ல, உருட்டு. இப்படித் தெரியாம உக்காந்திருக்க என்னால முடியல.

— வேணாமே.

— உருட்டுடி.

— பதினேழு.

— ம். அப்புறம்?

— கோடாலி கழுத்துல இறங்குது. திருடி செத்துட்டா.

— ஏதாவது சலுகை உண்டா? கடைசி நிமிஷத்துல ஒரு சாமியார் கீமியார் வந்து...

— கிடையாது. புதுசா ஒரு ஆள எழுதிக்குங்க.

— அப்பாடா. இப்பதான் மூச்சே வருது. என் உடம்புல ஏதாவது இருந்திருந்தா என்னைக் கொல்ல உனக்கு மனசு வந்திருக்குமா? நான் ஒரு லூசு, உன்னப் போயி என்னென்னமோ கேட்டுட்டேன். நாளைக்கு உங்க அண்ணன் வேலையக் கெடுத்துக்க வேணாம். நானே போய் ரிப்போர்ட்ட வாங்கிட்டு வந்துடுறேன்.

— தனியாப் போகாதீங்க அண்ணி. நாளைக்கு உங்க கூட வர நான் வெள்ளிக்கிழமையே லீவு எழுதிக் குடுத்துட்டேன்.