வந்தவர் தங்காத நிறம்

காப்பியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் சம்பந்தியம்மா. இந்த ஹாலில் காப்பி சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சுவர் நிறத்துக்கும் காப்பிச் சூட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் நான் யாரோடும் வாதம் செய்ததில்லை. அப்படிச் சொன்னவர்கள் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்கள் போளூரிலிருந்து பஸ் ஏறி வந்தது எதற்கென்று தெரியும். மாமியார் இல்லாத குடும்பத்தில் மூத்த மருமகள் நான். உங்கள் மகள் கவியா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், நீங்கள் நியாயம் கேட்க வேண்டிய இடம் இதுதான். வேங்கிக்காலில் அவளும் என் கொழுந்தன் சுரேஷ்குமாரும் கட்டிய புது வீட்டுக்கு நிறமும் அலங்காரமும் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டால் நீங்களே சரி என்பீர்கள்.

இந்த வீடு செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் மலை தெரியும். கிரிவலம் போகிறவர்களின் குரல் கேட்கும். இதை ஒரு பாக்கியம் என்று சொல்லித்தான் என்னை இங்கே கட்டிக்கொடுத்தார்கள். பௌர்ணமி என்று ஒன்று மாதாமாதம் வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து, வந்தவாசியிலிருந்து, சென்னையிலிருந்து என் வீட்டுக்காரரின் சொந்தம் மொத்தமும் அண்ணாமலையாரைப் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அண்ணாமலையாருக்காவது வாசலில் க்யூ உண்டு, எனக்கு அதுவும் கிடையாது.

காரை நிறுத்த ஓர் இடம், செருப்பை விட ஓர் இடம், மலையைச் சுற்றிவிட்டு வந்து காலை வைக்க ஒரு பக்கெட் வெந்நீர். பிறகு இட்லி. பிறகு படுக்கை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்களுக்கு மூன்றாம் நாள்தான் கால்வலியே ஆரம்பிக்கும்.

இந்தச் சுவரில் இருக்கும் பச்சை என் கண்டுபிடிப்பு இல்லை. என் வீட்டுக்காரர் சகாதேவனின் சிக்கனம். தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர், ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு அடித்து மீந்துபோனதைச் சும்மா கொடுத்தார். இவரும் வாங்கிவந்து ஹால் முழுக்க இரண்டு கோட் அடித்துவிட்டார். ஊசி போடும் அறையில் பாதிச் சுவர் வரைக்கும் இருக்குமே, அதே பச்சை. எனக்கு முதலில் ஆத்திரமாகத்தான் இருந்தது.

அந்தப் பௌர்ணமிக்கு இவருடைய பெரியப்பா வந்தார். வந்தால் அமாவாசைக்குப் பக்கத்தில்தான் கிளம்புகிற மனிதர். உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா கலா, யாருக்கனா ஒடம்பு சரியில்லியா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் மாமா."

"அப்ப எனக்குத்தான் ஒரு மாதிரியா கீது. போயி பிரஷர் பாத்துட்டு வந்துடறேன்."

போனவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் செய்தார். பிரஷர் சரியாக இருக்கிறதாம், வீட்டுக்கே வந்துவிட்டாராம். நான் போனை வைத்துவிட்டு இந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

கைகண்ட மருந்து கிடைத்தால் வேளாவேளைக்குக் கொடுப்பதுதானே முறை. மஞ்சள் பல்புகளைக் கழற்றி வெள்ளை டியூப்லைட் போட்டேன். சோபாவை விற்றுவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இரும்பு பெஞ்சைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். நாலு சீட்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும், ஒருவர் அசைந்தால் நாலு பேரும் அசைய வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி வைத்தேன். தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு யாரும் மூன்றாவது இட்லி கேட்பதில்லை. மேசைக்கு மேலே மாட்டியிருப்பது மனிதக் குடலின் படம். பள்ளிக்கூடத்துக்கு விற்கிற படம்தான், அறிவு சம்பந்தப்பட்டது. அதைப் பார்த்துச் சங்கடப்படுகிறவர்கள் படிக்காதவர்கள்.

இதில் யாரையும் நான் போ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்க என்றேன், உட்காருங்க என்றேன், இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்றேன். மற்றதைச் சுவர் பார்த்துக்கொண்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெண் ஆர்த்திகூட, போன தீபாவளிக்கு வந்த மறுநாளே கிளம்பிவிட்டாள். ரூமில் கொஞ்சம் வேலை இருக்கிறதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை ஜாஸ்தி. அதையும் இதையும் முடிச்சுப் போடக் கூடாது.

இருந்தும் கூட்டம் கம்மியானதே தவிர, நிற்கவில்லை. முனகிக்கொண்டே வந்தார்கள், ஏனென்றால் போக வேறு இடமில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மனிதர்களை விரட்டினால் மட்டும் போதாது, போய்ச் சேர ஓர் இடமும் காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் சுரேஷ்குமாரும் கவியாவும் வேங்கிக்காலில் வீட்டை முடித்து, சுவருக்குப் பட்டி பார்த்து, பெயின்டுக்கு நின்றார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நானாகப் போகவில்லை.

கவியா ஷேட் கார்டை விரித்து வைத்திருந்தாள்.

"எல்லா ரூமுக்கும் லைட் கிரேக்கா. ஹால்ல ஒரு வெள்ள சோபா, ஒரு செடி. அவ்ளோதான்."

நான் வருஷக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை இந்தப் பெண் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள். சாம்பல் நிற வீட்டில், வெள்ளை சோபாவில், விபூதிக் கையோடு எவர் உட்காருவார்? அந்த வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எல்லோரும் நேராக என் வீட்டுக்குத்தான் திரும்பி வருவார்கள். என் மிச்ச ஆயுசு முழுக்கப் பக்கெட் வெந்நீரில் போய்விடும். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"கிரே போட்டா வீடு பெருசா தெரியுங்கக்கா," என்றாள்.

"கோடவுன்கூடத்தான் பெருசா தெரியுது. அதுல யாருனா குடியிருக்காங்களா?"

சுரேஷ்குமார் சிரித்துவிட்டான். அவன் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"அண்ணி சொல்றது கரெக்ட்டுதான் கவியா. நாலு பேரு வந்தா, வா வான்னு கூப்புடற மாதிரி இருக்கணும் வீடு."

"நான் அத மட்டுந்தாம்பா சொல்றேன்," என்றேன். அது உண்மையும்கூட.

அவர்கள் ஹாலுக்குப் பருப்புப்பொடி மஞ்சள் என்று முடிவு செய்தேன். அதைப் பார்த்தால் சாப்பிட்டு வந்தவனுக்கும் பசிக்கும். வெளிச்சம் முழுக்க இளமஞ்சள். நாலு பேர் தாராளமாக உட்காரும் ஊஞ்சல். தரையில் கோரைப்பாய், சுவரோரம் திண்டு. நடந்து வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கால் கழுவ, வாசலுக்குப் பக்கத்திலேயே வெந்நீர்க் குழாய். எதிர்ச் சுவரில் எங்கள் மாமியாரின் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு மாட்டச் சொன்னேன். இந்தக் குடும்பத்தில் அவர் முன்னால் நின்று 'கிளம்பறேன்' என்று சொல்லும் தைரியம் எவருக்கும் இருந்ததில்லை. படத்துக்கு முன்னாலும் வராது என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பவில்லை.

காம்பவுண்டு சுவர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்திதான், ஒப்புக்கொள்கிறேன். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடிக்கச் சொன்னேன். பெயின்டர் மேஸ்திரி இளவரசன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கோயில் மாதிரி ஆயிடுமேங்க மேடம்."

"வீடுன்னா கோயில்தானேங்க?"

அதற்கு மேல் இந்த ஊரில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கவியா தன் ஆசைக்கு என்று ஒரே ஒரு பொருள்தான் வாங்கினாள். வழவழவென்று கறுத்த உருண்டைக் கல், அதன் தலையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் சொட்டும். மனசுக்கு அமைதியாம். அதை ஹாலில் வைக்கப் போனாள். நான்தான், "கேட்டுக்கு நேரா வெச்சா லட்சணமா இருக்கும்," என்றேன்.

அவர்கள் குடிபோன பிறகு வந்த முதல் பௌர்ணமிக்குச் சொந்தம் மொத்தமும் அங்கே இறங்கியது. பெரியப்பா ஊஞ்சலைப் பிடித்தவர் விடவில்லை. என் வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தரையைப் பார்த்து ரசித்தேன்.

அடுத்த பௌர்ணமிக்குத்தான் அந்நியர்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த வீடு இருக்கும் வேலூர் ரோட்டில் வருகிற பஸ்ஸையெல்லாம் அன்றைக்கு ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் அல்லவா? அங்கிருந்து நடந்து வருகிற ஜனங்கள் பட்டைச் சுவரைப் பார்த்தார்கள். திறந்த கேட்டைப் பார்த்தார்கள். உள்ளே கறுப்புக் கல்லின் தலையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார்கள். மலையைச் சுற்றி எட்டு லிங்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இது ஒன்பதாவது என்று யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக நான் இல்லை.

கவியா போன் செய்தாள்.

"அக்கா, யாரோ ஒரு அம்மா என் கல்லுக்குப் பால் ஊத்துறாங்கக்கா."

"நல்லதுதானே கவியா. எறும்பு வராம பாத்துக்க."

"இன்னொருத்தரு பொங்கல் எப்ப குடுப்பீங்கன்னு கேக்கறாருக்கா."

"பெரியவங்க வாய் தொறந்து கேட்டா இல்லன்னு சொல்லாத."

சுரேஷ்குமார் நல்ல பிள்ளை, இல்லை என்று சொல்லத் தெரியாது. ஓர் அண்டாவில் பொங்கல் வைத்தான். வேட்டி கட்டியிருந்தான். யாரோ அவன் கையில் விபூதித் தட்டைக் கொடுத்து நெற்றியை நீட்டினார்கள், பூசிவிட்டான். இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆபீசில் லீவு போடுகிறான். முகத்தில் ஒரு களைகூட வந்துவிட்டது என்கிறார்கள்.

போன பௌர்ணமிக்கு உங்கள் மகள் வேலை முடிந்து, களைத்துப் போய், சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். கேட்டுக்குள் காலெடுத்து வைத்தவளை ஓர் அம்மாள் தோளைப் பிடித்து இழுத்து, "க்யூல வாம்மா, நாங்கள்லாம் மனுசங்களா தெரியலியா?" என்றாளாம். கவியா க்யூவில் நின்றிருக்கிறாள். நின்று, முறை வந்து, புருஷன் கையால் விபூதி வாங்கிக்கொண்டு, அப்படியே போளூர் பஸ் பிடித்து உங்களிடம் வந்துவிட்டாள். நானாக இருந்தால் க்யூவில்கூட நின்றிருக்க மாட்டேன்.

வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்தால்தான் திரும்பி வருவேன் என்கிறாள். சாமி இறங்கின இடத்தில் கிரே அடிப்பார்களா என்கிறான் அவன். இப்படியே போனால் இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் கேட்டீர்கள். அவர் அங்கே தம்பிக்கு உதவியாகப் பொங்கல் கிண்டப் போனார். மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று அங்கேயே படுத்துக்கொண்டார். இந்த வீட்டில் மாடியே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். முழங்கால் வலிக்கு அதெல்லாம் தெரியாது. போன வாரம் வந்து தலையணையை எடுத்துப் போனார்.

"அங்க தூக்கம் நல்லா வருது கலா," என்றார், இந்தச் சுவரைப் பார்க்காமல்.

"தாராளமா தூங்குங்க. எனக்கென்ன?" என்றேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்டது அமைதி, கிடைத்துவிட்டது. டியூப்லைட்டின் ரீங்காரம்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் மகளின் வீட்டுக்குச் சாமி வரவில்லை, நான் அனுப்பினேன். சொந்தக்காரர்களை அனுப்பியதும் நான்தான். என் வாசலுக்கு ஒருத்தரும் வரக்கூடாது என்பதற்காக, யோசித்து, தெரிந்தே, மஞ்சளும் காவியும் தேர்ந்தெடுத்து அவள் வீட்டை அவளுக்கு இல்லாமல் செய்தேன். சுரேஷ்குமாரிடம் வந்து இதை அப்படியே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். அவன் முகம் வாடும், பரவாயில்லை. வீட்டுக்குச் சாம்பல் அடித்துக்கொள்ளட்டும், கல்லை ஹாலுக்குள் கொண்டுபோகட்டும். அப்புறம் பெரியப்பாவும் மற்றவர்களும் போக இடமில்லாமல் மறுபடி இங்கே வந்து விழுவார்கள். என் வீட்டுக்காரரும் தலையணையோடு வருவார். குடும்பத்துக்காக அந்தத் தொல்லையையும் நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என்ன, அதற்குள் எழுந்துவிட்டீர்கள்? போளூருக்குப் பஸ்ஸா இல்லை? இன்றைக்குப் பௌர்ணமி, விடிய விடிய விடுகிறார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் சம்பந்தியம்மா. அந்தக் குடல் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. கத்திரிக்காய் சாம்பார், அப்பளம், பாயசம்கூட வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்திருக்கிறேன். வேறொன்றுமில்லை, கைப்பழக்கம்.