காட்டில் பிடிபட்ட மாடு

சிராங்கூன் சாலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மடியில் ஒரு மாட்டுக்கயிறு இருந்தது.

“காட்டுல மாட்டைப் பிடிச்ச காவல்காரன்கிட்ட, அது என் மாடே இல்லைன்னு சொல்லிட்டேன், மாமா.”

“ஏம்பா அப்படிச் சொன்னே?”

“நீர்த்தேக்கத்துக் காட்டுல கூடாரம் போட்டுத் தங்கக்கூடாதாம். மாட்டு முதுகுல விறகு ஏத்தக்கூடாதாம். ஒத்துக்கிட்டா சர்க்கார் வேலையும் போகும், வேலைக்காகக் குடுத்த லயன் வீடும் போகும்.”

“சோல்ஜருங்க வாரக்கணக்கா அங்கதானே கூடாரம் போடுறானுங்க?”

“அவங்களுக்கு பெர்மிட் இருக்கு லா.”

“மாட்டை என்ன செய்வாங்க?”

“கேக்க ஆளில்லைன்னா அறுக்க அனுப்பிடுவாங்க.”

பெரியவர் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “காவல்காரன் நம்பினானா?” என்று கேட்டார்.

“நான் இல்லைன்னு சொல்றப்பவே அது கிட்ட வந்து என் கையை நக்குச்சு, மாமா. ‘யார் மாடோ, உன்மேல ரொம்பப் பாசமா இருக்கே’ன்னு சிரிச்சான்.”