வண்டி நெற்றியில் முட்டைக்கோஸ்

— ஏணியைச் சாத்துங்க மாஸ்டர். பழைய பெயிண்டைச் சுரண்டுற வேலையை நானே முடிச்சுட்டேன். இனி நீங்க ஏறி எழுத வேண்டியதுதான் பாக்கி.

— அண்ணே, முடியாதுன்னு சொல்லி நான் இன்னும் வாயை மூடல, அதுக்குள்ள சுரண்டிட்டீங்களா? ‘எர்சீலியா மகாராணி’ன்னு எவ்வளவு லட்சணமா இருந்துச்சு. பொண்டாட்டி பேரைச் சுரண்டிப் போட்டுட்டு வீட்டுக்குள்ள எப்படி நுழைவீங்க?

— அவதான் சுரண்டச் சொன்னா.

— சரியாப் போச்சு. இந்த சிமால்தெனாங்கோ ரோட்ல இருக்கிற அத்தனை பஸ் பட்டறையிலயும் கேட்டுப் பாருங்க. வண்டி நெத்தியில என்ன எழுதுறோம்? மாதா பேரு, புனிதர் பேரு, மக பேரு. ஒருத்தன் வப்பாட்டி பேரைக்கூட எழுதிட்டுப் போனான். ஆனா ‘ரெபோயோ’ன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நின்னதில்ல. முட்டைக்கோஸ்ணே அது. நீங்க ஓட்டுறது ஆளு ஏறுற வண்டியா, காய்கறி லோடா?

— அது யாருன்னு என் வண்டில வர்ற சனத்துக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும். மூக்குல சிவப்பு உருண்டையை மாட்டிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா ஏறி, நாலு ஜோக்கு சொல்லிட்டுத் தொப்பியை நீட்டுறவன். அவனெல்லாம் ஒரு ஆளா?

— மரியாதையாப் பேசுங்க மாஸ்டர்.

— கோமாளிக்கு என்னண்ணே மரியாதை? அவன் பொழப்பே மரியாதை கெடுறதுதான். உங்களுக்கு வீரன் பேருதான் வேணும்னா சதுக்கத்துல குதிரை மேல ஒரு ஜெனரல் உக்காந்திருக்காரு பாருங்க, வாளை உருவிக்கிட்டு. அவர் பேரை எழுதுறேன், தங்கக் கலர்ல.

— அந்த ஜெனரல் எனக்காக ஒரு நாளும் குதிரையை விட்டு இறங்கல.

— இவன் என்ன செஞ்சான் உங்களுக்கு?

— கேளுங்க. என் மச்சான் வில்மர், எர்சீலியாவோட தம்பி, என் வண்டிலதான் கண்டக்டர். படியில தொங்கிக்கிட்டு ஊர்ப் பேரைக் கத்துவான். மாமூல் வாங்க வர்ற பசங்களுக்குப் பணம் கொடுக்க ஒரு நாள் தள்ளிப் போச்சு. அந்தப் படிலயே வச்சுச் சுட்டுட்டானுங்க.

— கேள்விப்பட்டேன். ஆண்டவன் அவருக்கு இளைப்பாறுதல் கொடுக்கட்டும்.

— ஒன்பது நாள் செபம் முடிச்சுட்டு வண்டியை எடுத்தேன். வண்டி நிறைய ஆளு, ஆனா மூச்சு விடுற சத்தம்கூட இல்ல. அந்தப் படில கால் படாம தாண்டித் தாண்டி ஏறுறாங்க. எனக்கோ, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வண்டியை வித்துடணும், அதுக்கப்புறம் நானும் எதுக்கு இருக்கணும்னு மனசு எங்கேயோ போகுது. சந்தை ஸ்டாப்ல ரெபோயோ ஏறினான். அப்புறம் என் முதுகுக்குப் பின்னாலருந்து சொல்றான், ‘மன்னிக்கணும் சனங்களே, பிண வண்டின்னு வெளில எழுதலியே. பிணம் எங்க? அடடே, ஓட்டுறதே அவர்தானா? அதான் இவ்வளவு மெதுவாப் போகுது.’

— அது தப்புண்ணே. வில்மர் செத்த விஷயம் தெரியாமப் பேசியிருப்பான். தெரிஞ்சிருந்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இறங்கிப் போயிருப்பான்.

— தெரிஞ்சு சொன்னானோ தெரியாம சொன்னானோ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியை நிறுத்தி அவனை அறையணும்னு இருந்துச்சு. நிறுத்தவும் செஞ்சேன். ஆனா சிரிப்பு வந்துடுச்சு. ஸ்டியரிங்ல தலையை வச்சுக்கிட்டு சிரிச்சேன், அது அப்படியே அழுகையாப் போச்சு. அவன் வந்து முதுகைத் தட்டி, ‘பிணத்துக்கு உசிரு வந்துடுச்சு, எல்லாரும் மாலைக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேளுங்க’ன்னான். வண்டியே சிரிச்சது.

— ம்.

— வீட்டுக்குப் போய் எர்சீலியாகிட்டச் சொன்னேன். தம்பியைப் புதைச்சதுலருந்து அதோல் கஞ்சியைத் தவிர எதுவும் தொண்டைல இறங்கல அவளுக்கு. பாதிரியார் வந்து பேசினாரு, அவ அக்கா வந்து அழுது பார்த்தா. ஒண்ணும் நடக்கல. இந்த ஜோக்கைக் கேட்டு சால்வையால முகத்தை மூடிக்கிட்டு சிரிச்சா மாஸ்டர். அப்புறம் எந்திரிச்சுப் போய் தமால் கொழுக்கட்டையை எடுத்துச் சாப்பிட்டா.

— நல்லது. சந்தோஷம். ஒருத்தன் உங்களை ஒரு நாள் சிரிக்க வச்சான். அதுக்காக வண்டி நெத்தியில ஏத்தணுமா? எனக்குப் பல் பிடுங்கினவர்கூட நல்ல மனுஷன்தான், அவர் பேரை நான் கதவுல எழுதி வைக்கல.

— இன்னும் முடிக்கல நான். மழை தொடங்கின சமயத்துல அதே பசங்க மறுபடி ஏறினாங்க. ரெண்டு பேரு. ஒருத்தன் கைல துப்பாக்கி, இன்னொருத்தன் கைல பை. இந்தத் தடவை எனக்கு மட்டும் இல்ல, ஏறின சனம் அத்தனைக்கும் மாமூல். ரெபோயோ பாதி ஜோக்குல இருந்தான். நிறுத்திட்டு அவங்ககிட்டப் பேசுறான், ‘தம்பி, நானும் வசூலுக்கு வந்தவன்தான். ஆனா தொழில்னா ஒரு முறை இருக்கு. நான் முதல்ல ஜோக்கு சொல்லுவேன், அப்புறம்தான் தொப்பியை நீட்டுவேன். நீ வந்ததும் பையை நீட்டுறியே, உன்கிட்ட ஒரு ஜோக்காவது இருக்கா?’

— முட்டாள்.

— கோழிக்கூடை வச்சிருந்த அம்மா ஒருத்திதான் முதல்ல சிரிச்சா. அப்புறம் பின் சீட்டு. அப்புறம் எல்லாரும். துப்பாக்கி வச்சிருந்த பையனுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. பயந்தவனைத்தான் அவனுக்குத் தெரியும், சிரிக்கிறவனை என்ன செய்யறதுன்னு யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கல. ரெண்டு பேரும் இறங்கிப் போயிட்டாங்க. என் வாழ்க்கைல அவ்வளவு பெரிய தைரியத்தை நான் கண்டதில்ல.

— தைரியமா? அவன் முழங்கால் ரெண்டும் அடிச்சுக்கிட்டது தெரியுமா உங்களுக்கு?

— தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துட்டு இருந்தேன். குரல் ஆடல.

— அதுக்கப்புறம் உங்க வீரன் என்ன பண்ணான்? அதையும் சொல்லுங்க. அன்னைக்கே அவன் அம்மா வீட்டு வாசல்ல மிரட்டலுக்கு ஒரு துப்பாக்கிக் குண்டைப் போட்டுட்டுப் போனானுங்க. மூக்கைக் கழட்டிச் சாக்கடைல எறிஞ்சுட்டு, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடினவன்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு வண்டில ஏறல. ஏற மாட்டான். பயந்தாங்கொள்ளிண்ணே அவன். ஒரு நிமிஷம் வாய்த்துடுக்குல பேசிட்டு வாழ்நாள் முழுக்க ஒளிஞ்சு கிடக்கிறவன் பேரையா எழுதுவாங்க?

— மூக்கைச் சாக்கடைல எறிஞ்சதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க. பட்டறைன்னா பத்துப் பேரு பேசுவாங்க.

— அவன் ஓடினதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு அந்தப் பத்துப் பேரு சொல்லலியா?

— என்ன நடந்துச்சு?

— அந்தப் பசங்க திரும்பவும் ஏறினாங்க. கோமாளி இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஏறினாங்க. வண்டி கப்சிப். பையை நீட்டின உடனே பின்னாலருந்து ஒரு பொம்பளைக் குரல், ‘ஒரு ஜோக்காவது இருக்கா?’ யாருடி அதுன்னு துப்பாக்கி வச்சிருந்தவன் பின்னால போனா, முன்னாலருந்து ஒருத்தர் கேக்குறாரு, ‘ஒரு ஜோக்காவது இருக்கா?’ யாரைச் சுடுவான்? அடுத்த வாரம் என் பின்னால வர்ற வண்டில கேட்டாங்க. அப்புறம் எங்க ரூட்ல எல்லா வண்டிலயும். இப்போ அவனுங்க ரோட்டோரம் நின்னாலே ஸ்கூல் பிள்ளைங்க சன்னல்லருந்து தலையை நீட்டிக் கேக்குதுங்க.

— நிஜமாவா சொல்றீங்க?

— என் மச்சான் மேல சத்தியம். மாமூல் அடியோட நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சில பேரு இன்னும் கட்டுறாங்க. ஆனா தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கட்டுறதில்ல.

— என் ரெண்டு வார்த்தை... அவன் ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டா?

— அந்த ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான்.

— அது சரி, நெத்தியில எழுதிட்டா சும்மா விடுவானுங்களா? கேலியைக் காதுல கேட்டா மறந்துடுவான். பெயிண்டுல எழுதினா தினம் படிக்கணுமே. உங்களைத்தான் முதல்ல கொளுத்துவானுங்க.

— வில்மர் வண்டில எதையும் எழுதல. யாரையும் கேலி பண்ணல. பணத்தையும் கட்டிட்டுத்தான் இருந்தான், ஒரு நாள்தான் தள்ளிச்சு. அடக்க ஒடுக்கமா இருந்தவனையே சுட்டானுங்க. இனி எதுக்கு மாஸ்டர் அடக்கம்? எனக்கும் பயம் இருக்கு. பயந்துக்கிட்டே இந்தப் பேரோட ஓட்டிட்டுப் போறேன்.

— எழுதினது யாருன்னு தேடி வருவானுங்கண்ணே. எனக்கு வயசான அம்மா இருக்கு.

— உங்க பேரு வெளில வராது. நானே எழுதினேன்னு சொல்லிக்கறேன்.

— நீங்களா? இப்போ உங்க கை நடுங்குற நடுக்கத்துக்கு நீங்க எழுதினா, வண்டி ஸ்டாப்ல நிக்கும்போதே ஓடுற மாதிரி தெரியும். சனங்க ஓடி வந்து ஏறி மூக்கை உடைச்சுக்குவாங்க. என்னண்ணே, இப்படிச் சிரிக்கிறீங்க? கண்ணுல தண்ணி வருது பாருங்க. என்னாச்சு?

— ஏணியை நான் பிடிச்சுக்கறேன், நீ ஏறு. போன வாரம் சைலன்சர் மாத்த வந்தப்ப இந்தத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு, சோறு கொண்டு வந்த பொண்ணை நீ கிண்டல் பண்ணிட்டு இருந்ததைக் கேட்டேன். உன் முகத்தை நான் ஒழுங்காப் பார்த்ததே இல்ல, ஆனா அத்தனை வருஷம் என் பிடரிக்குப் பின்னால பேசின குரல் எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், உடனே ‘என் பேரைச் சுரண்டு’ன்னா எர்சீலியா. நீ பயப்படு, ஒளிஞ்சுக்கோ, அம்மாவைப் பார்த்துக்கோ. மறுபடி வண்டில ஏறச் சொல்லி நான் வரல. வர்றவனுங்களுக்கு இனி நாங்க பதில் சொல்லிக்கறோம். நீ உன் பேரை மட்டும் எழுதிக் கொடு, ரெபோயோ, தூரத்துலருந்தே தெரியற மாதிரி.