வசந்தமலர் அக்காவின் சாட்சியம்

மொழிபெயர்ப்பாளனுக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. அதனால் இந்தக் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெந்நீர் இருந்தால் தாருங்கள்.

ஸ்ட்ரெதம் மண்டபத்தில் எங்கள் புலம்பெயர் தமிழர் சங்கம் ஊரில் நடந்த போர்க்குற்றங்களை விசாரிக்க ஒரு மக்கள் நீதிமன்றம் கூட்டியது. ஓய்வுபெற்ற வெள்ளைக்கார நீதிபதிகள் மூவர். வாசலில் வடையும் தேநீரும். நீதிக்கும் பசிக்கும் என்பார் தலைவர் தவராசா அண்ணை. சாட்சிகளின் பாதுகாப்புக்காகப் பூட்டிய அறையில் விசாரணை. அங்கே தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மோர்டனிலிருந்து வசந்தமலர் அக்கா வந்தார். ராணுவம் ஆஸ்பத்திரிக்கு ஷெல்லடித்ததைச் சொன்னார். அதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். என் குரல்கூடத் தழுதழுத்தது. பிறகு மகளின் கதைக்கு வந்தார்.

“நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குள்ள இருந்து ஜதுர்ஷிகாவைச் சண்டைக்கெண்டு இழுத்துக்கொண்டு போனது எங்கட இயக்கப் பெடியன் ஒருத்தன். அவள் பதினைஞ்சு வயசுப் பிள்ளை. புகைக்குள்ள அவன்ர முகம் தெரியேல்லை. அவனைப் பிடிச்சு விசாரியுங்கோ. பிள்ளை இருக்கிறாளோ இல்லையோ எண்டு அவனுக்குத்தான் தெரியும்.”

மகளை ராணுவம் கொண்டுபோய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு வழக்குக்கு ஒரு குற்றவாளி போதும். இரண்டு பேர் என்றால் வெள்ளைக்காரன் குழம்புவான், சனம் பிளவுபடும், வடை மிஞ்சும். ராணுவம் செய்தது கொஞ்சமா? ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று.

“நான் சொன்னதெல்லாம் பதிஞ்சாச்சோ தம்பி?”

“ஓம் அக்கா, ஒண்டும் விடேல்லை.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

தீர்ப்பு புத்தகமாக வந்தது. ஒவ்வொரு மே மாதமும் போர் நினைவு ஊர்வலத்தில் ஜதுர்ஷிகாவின் படத்தை நான்தான் தூக்குகிறேன், அக்காவுக்குத் தோள்வலி. அவனைப் பிடித்துவிட்டார்களா என்று நடந்தபடியே கேட்பார். தேடுகிறார்கள் என்பேன். அக்காவின் மருமகள் தர்மிகா அந்தப் புத்தகத்தைப் படித்து அவருக்குத் தமிழில் சொல்லியிராவிட்டால் நீங்களும் என்னை இந்த விசாரணைக்கு அழைத்திருக்க மாட்டீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தேவையில்லாமல் படிக்கிறார்கள்.

அந்தப் பெடியன் யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். என் கையைக் கடித்துக்கொண்டே வந்தாள். சண்டை நடந்த முன்னரங்குக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் செத்துப்போனாள், புதைத்ததும் நான்தான்.

இதை அக்காவிடம் சொல்லத்தான் வேண்டுமா? ராணுவம் என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அத்தனை படித்தவர்கள் சொன்னதற்கு மாறாக நான் எதையாவது நினைவு வைத்திருந்தால், அது நீதிமன்றத்தை அவமதிப்பதாகாதா?