மோட்டார் போட மூன்று பேர்

வக்கீல் சார், எங்கள் வீட்டில் தோப்பு மோட்டாரைப் போடுவதற்கு மூன்று பேர் வேண்டும். நினைவில் இருப்பதையெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் மோட்டாரிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா வீரணன் சாய்வு நாற்காலியில் இருப்பார். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி முத்துப்பாண்டி நான்கடி தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவன்.

"ஏட்டி ஈஸ்வரி, மோட்டார் போட்டாச்சான்னு பட்டாளத்தார்ட்ட கேளு."

"போட்டு ஒரு மணி நேரம் ஆச்சுன்னு ஏட்டையாட்ட சொல்லுக்கா."

"போட்டாச்சாம்ப்பா."

"காதுல விழுந்துச்சு. வாய்க்கா அடைப்ப எடுத்தானான்னு கேளு."

ஒன்பது வருடம் இப்படித்தான் நடந்தது. தம்பி மனைவி யுவராணி கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரிப்பாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது. அப்பா ஒருநாள் காபியை மிச்சம் வைத்தால் தம்பி தன் மனைவியிடம் எரிந்து விழுவான். அவள் பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பாள். பிள்ளை அழுதுகொண்டு என் மடிக்கு வரும். நான் போய் அப்பாவிடம் காபி சரியில்லையா என்று கேட்டு, அந்த வார்த்தையைத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வீடு அடங்கும். யாருக்கு எங்கே வலித்தாலும் கடைசியில் என்னிடம்தான் வரும்.

நான் தளவாய்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் மூன்றாம் வருடமே திரும்பி வந்தவள். வ. புதுப்பட்டி நூலகத்தில் சொற்பச் சம்பளத்துக்கு ஒரு வேலை. அம்மா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்ட நினைவில்லை. சாப்பாடு இருக்கும், பாய் இருக்கும், அவ்வளவுதான். அப்பாவும் தம்பியும் பேசாமல் போன பிறகு ஒரு நாளைக்கு எழுபது தடவை என் பெயர் அந்த வீட்டில் ஒலித்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோகிறேன் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஏறக்குறைய அப்படித்தான். நான் எந்தக் காலத்திலும் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொன்னதில்லை, சார். குறைத்திருக்கிறேன். "அவனுக்கு இடுப்பு வலி, கரும்பு வைக்காண்டாம்னு சொல்லு" என்பார் அப்பா. "கரும்பு வேண்டாமாம்" என்று தம்பியிடம் சொல்வேன். "தீபாவளிக்கு ஏட்டையாவுக்கு நல்ல வேட்டியா எடுத்துருக்கேன், குடுத்துரு" என்பான் தம்பி. வேட்டியைக் கொடுப்பேன். யார் எடுத்தது என்று அப்பா கேட்டால்தானே சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை. இடுப்பு வலியும் நல்ல வேட்டியும் என்னிடம் தங்கிவிட்டன. அதனால் யாருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை.

சண்டை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அம்மா இறந்தபோது தம்பி அசாமில் இருந்தான். அப்பா போனை எடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டு, "லீவு கெடச்சிருச்சு, நாளைக்கு வந்துருவேன், ஒரு நாள் பொறுக்கச் சொல்லுக்கா" என்றான். அழுகையிலும் கூட்டத்திலும் நான் மறந்துபோனேன். அது சத்தியமாக மறதிதான். அப்பா அன்று சாயங்காலமே அம்மாவை எடுத்துவிட்டார். மறுநாள் வந்து நின்ற தம்பி, "எனக்காக ஒரு நா வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டான். "ஒன் லீவுக்குப் பொணம் காத்துக் கெடக்குமாலே?" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு நின்றது; கொஞ்ச நாளில் அவன் பட்டாளத்தை விட்டு வீட்டோடு வந்த பிறகும் அப்படியேதான். இரண்டு பேரில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி, போன ஆவணியில் நடந்தது.

செண்பகத்தோப்புச் சாலையில் இருக்கும் எங்கள் தோப்பில் காட்டுப்பன்றி இறங்கி இருபது தென்னம்பிள்ளைகளைக் கிளறிப் போட்டிருந்தது. அன்று சாயங்காலம் தம்பி தோப்பில் ராத்திரிக் காவலுக்குப் போகுமுன் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க அடுப்படிக்கு வந்தான். "அக்கா, இன்னைக்கு வேலியில கரண்டு விடுறேன். காலையில ஏழு மணிக்குத்தான் நிப்பாட்டுவேன். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் வர வேண்டாம்னு ஏட்டையாட்ட சொல்லிரு. மறந்துராதக்கா" என்றான். சரி என்றேன். யுவராணி அன்று ராஜபாளையத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வேறு யாரும் கேட்கவில்லை.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். முகச்சவரம் செய்திருந்தார். அந்த நேரத்தில் அவர் சவரம் செய்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, நாளைக்கு விடிய தோப்புக்குப் போயி நானே அவன்ட்ட பேசப் போறேன். எழுபத்தாறு ஆச்சு. இன்னும் எம்புட்டு நாளு வீம்பு புடிக்க? வாரேன்னு போன் போட்டுச் சொல்லிரு. இல்லன்னா என்னையப் பாத்துட்டுக் காட்டுக்குள்ள ஓடிருவான்."

"சரிப்பா."

"ஒனக்கும் தொல்ல விட்டுச்சு. ஒம்பது வருசமா தபால்காரி வேல பாத்துட்ட. நீயும் ரிட்டயர்டு ஆயிக்கோ."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

பாத்திரங்களைக் கழுவினேன். போனை எடுத்துத் தம்பியின் பெயர் வரை போனேன். பிறகு அதை அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"வராதன்னு சொல்லல்ல? அது போதும்."

காலை ஐந்தரைக்கு அவர் கிளம்பியபோது அந்தத் தீபாவளி வேட்டியைக் கட்டியிருந்தார். காபி கேட்டார். பிளாஸ்க்கில் ஊற்றி, இரண்டு டம்ளரும் வைத்துக் கொடுத்தேன். சர்க்கரை தம்பிக்குப் பிடித்த அளவில் போட்டேன். "பாத்துப் போங்கப்பா" என்றேன். கிழக்கு வழியாகப் போவார் என்று நினைத்துக்கொண்டேன். கிழக்கே ஓடைப் பாலம் சித்திரையிலேயே இடிந்துபோனது. வேலியை ஒட்டிய ஒற்றையடிப் பாதை தவிர வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு வாசலைக் கூட்டினேன், கோலம் போட்டேன்.

ஆறே காலுக்குத் தம்பியின் அலறல் போனில் வந்தது. பிளாஸ்க் உடையவில்லை. காபி சூடாகவே இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அக்காவிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன் என்று அவன் போலீசில் கதறினான். இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டபோது எனக்கு நினைவில்லை என்றேன். அதிலும் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. ஒன்பது வருடப் பகை, வேண்டுமென்றே அப்பனைக் கொன்றுவிட்டான் என்று ஊர் தானாகவே பேசிக்கொண்டது.

யுவராணி பிள்ளையோடு ராஜபாளையத்திலேயே இருந்துவிட்டாள். நான் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப்போய் அவளைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை சிறையில் தம்பியைப் பார்க்கிறேன். முதல் மாதம், "அவிய மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிருங்க மதினி" என்றாள். அப்படியே சொன்னேன். போன வாரம், "பாப்பா அப்பாவக் கேட்டு அழுவுறா. அடுத்த வாரம் நாங்களும் வாரோம்னு சொல்லுங்க" என்றாள். தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "யுவராணி என்ன சொன்னா, அக்கா?" என்று கேட்டான். நன்றாக இளைத்துவிட்டான். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவள் இப்போது வந்தால் இரண்டு பேரும் அழுவார்கள். கொஞ்ச நாள் போகட்டும்.

அப்பாவை நினைக்காத நாள் இல்லை. அந்த நாற்காலியைத் தினமும் துடைத்து வைக்கிறேன். தம்பி சொன்னதெல்லாம் உண்மை. என்னிடம் சொன்னான், நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா வருவதையும் அவனிடம் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவர் இன்று இருப்பார். தெரிந்தேதான் விட்டேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோர்ட்டில் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சார். அவனுடைய வக்கீல்தான் நீங்கள், ஆனாலும் இதை முத்துப்பாண்டியிடம் படித்துக்காட்ட வேண்டாம். அவன் தாங்கமாட்டான். வருகிற புதன்கிழமை நான் அவனைப் பார்க்கத்தான் போகிறேன். என்ன சொல்ல வேண்டுமோ அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.